விழுந்தாளாம்

நீ யாருன்னு எனக்குத் தெரியும்மா. புது பேட்ச் எப்ப ஆரம்பிக்கும் மிஸ்னு கேட்டே பாரு, அப்பவே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உன் மாமியாராகப் போற ராஜாமணியம்மா உன் போட்டோவைக் காட்டாத ஆள் இந்தத் தெருவுலயே கிடையாது. நத்தத்துப் பொண்ணு, அனுசுயா. கனடாவுலேர்ந்து லீவுல வந்திருக்கற தயாளன் தம்பிக்குப் பேசியிருக்கற பொண்ணு. சரிதானே? வீட்டுல சொல்லாமத்தான் வந்திருக்கே, அதுவும் தெரியுது. துப்பட்டாவைத் தலையோட சுத்திக்கிட்டு இந்த வெயில்ல படியேறி வந்தா வேற என்ன அர்த்தம்?

ஃபேனுக்குக் கீழ வந்து இரு. தப்பில்லம்மா. கழுத்தை நீட்டறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட விசாரிக்கறதுல ஒரு தப்பும் இல்ல. கீழ மருந்துக்கடையில கேட்டியா? கேட்டிருப்பே. மேல ஃபிலோமினா மிஸ்கிட்ட கேளுங்க, தயாளனை விட்டு ஓடிப்போன பொண்ணு அங்கதான் படிச்சதுன்னு கையைக் காட்டியிருப்பான். எல்லாரும் என்னையத்தான் காட்டறாங்க. அந்தப் பொண்ணு எங்க வேணும்னாலும் ஓடிப்போகட்டும், என் தலையை ஏன்மா உருட்டணும்? 'ஃபிலோமினா மிஸ்கிட்ட இங்கிலீஷ் படிச்ச பொண்ணு, வெளிநாட்டுல புருஷனை விட்டுட்டு ஓடிருச்சாம்.' இது போதாதா? அந்தப் பெஞ்சையெல்லாம் பாரு. பொம்பளைப் பிள்ளைங்க உக்கார இடம் இல்லாம ஜன்னல் திண்டுல உக்காந்து எழுதுன கிளாஸ் இது. இப்ப பேங்க் பரீட்சைக்குப் படிக்கற பையங்க ரெண்டு மூணு பேர் வந்தா உண்டு. எனக்கு அவ செஞ்சது இதுதான். கேட்டுக்க, எல்லாத்தையும் சொல்றேன். அப்புறம் நீயே முடிவு பண்ணிக்க, யார் மேல தப்புன்னு.

மோகனப்பிரியான்னு பேரு. ஒட்டன்சத்திரம். அப்பா அம்மா இல்ல, அண்ணன்தான் கட்டிக்கொடுத்தாரு. ரெண்டாந்தாரம்னு தெரிஞ்சேதான் கொடுத்தாங்க, ஒளிவுமறைவு ஒண்ணும் கிடையாது. மொத சம்சாரம் ரேணுகா கனடாவுல தவறிப்போயிருச்சு. வாசல்படியில பனி உறைஞ்சு கிடந்திருக்கு, வழுக்கி விழுந்துருச்சாம். அந்த ஊர்ல அது சகஜம்மா. இங்க பாசியில வழுக்கற மாதிரி.

கல்யாணம் முடிஞ்ச மறு வாரமே தயாளன் தம்பி அவளைக் கையோட கூட்டிட்டு வந்தாரு. எந்தப் புருஷன் அப்படிச் செய்வான் சொல்லு? எனக்கு ஒரு சால்வை, சாக்லேட்டு டப்பா. நல்ல கம்பளிச் சால்வை, இந்த ஊர்ல அதை எங்க போத்தறது, இருந்தாலும் ஒரு மரியாதை இருக்குல்ல. "மேடம், இவளுக்கு ரொம்பவெல்லாம் வேண்டாம். கடையில சாமான் வாங்கணும், பக்கத்து வீட்டுக்காரங்களைப் பாத்தா சிரிச்சு ஒரு ஹலோ சொல்லணும். அது வந்தா போதும்"னாரு. பாரு, பொண்டாட்டிக்குப் படிப்புச் சுமையைக்கூட ஏத்தக்கூடாதுன்னு நினைக்கற மனசு. அப்புறம் லீவு முடிஞ்சு அவர் போயிட்டாரு. விசா வர்ற வரைக்கும் இவ மாமியாரோட இங்க இருந்தா, தினம் கிளாசுக்கு வந்தா.

படிப்புல கெட்டி. அதை நான் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா குணம் ஒரு மாதிரி. உன்னைப் பத்தி நாலு வரி பேசுன்னா பேசமாட்டா. கடைக்குப் போற பாடம் எடுத்தா கொட்டாவி விடுவா. திடீர்னு ஒரு நாள் கேக்கறா, "மிஸ், ஒருத்தர் சொல்றதை நாம நம்பல, ஆனா நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லமுடியாது. அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

எனக்குச் சந்தோஷமாயிருச்சு. இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளை இப்படிக் கேட்டதில்ல. அன்னைக்கு நான் எடுத்த பாடம் இருக்கே, இன்ஸ்பெக்டர் வந்து பாத்திருந்தா அவார்டு கொடுத்திருப்பாரு. நம்ம ஊர்ல 'ஐ ஹேவ் எ டவுட்'னு கையைத் தூக்கறோம்ல, கேள்வி கேக்கறதுக்கு? வெள்ளைக்காரன்கிட்ட போய் அப்படிச் சொன்னா, நீ சொல்றதை நான் நம்பலன்னு எடுத்துக்குவான். 'ரியலி?'ங்கறதைக் குரலை ஏத்திச் சொன்னா ஆச்சரியம். இறக்கிச் சொன்னா, போடா பொய்க்காரா. 'இஃப் யூ ஸே ஸோ'ன்னு ஒண்ணு இருக்கு. நீங்க சொன்னா சரிதான்னு தலையை ஆட்டறது. ஆனா உள்ளுக்குள்ள நம்பல. சண்டையும் வராது, சம்மதமும் கிடையாது. 'அப்பாரன்ட்லி'ன்னா பாக்கறதுக்கு அப்படித் தெரியுது, உள்ள எப்படியோ. அவ கண்ணு சிமிட்டாம கேட்டுக்கிட்டு இருந்தா. 'இஃப் யூ ஸே ஸோ, இஃப் யூ ஸே ஸோ'ன்னு படியிறங்கும்போது முணுமுணுத்துக்கிட்டே போனா.

அதுக்கப்புறம்தான் அந்த வீடியோ கால் விஷயம்.

தயாளன் தம்பி அங்கேர்ந்து போன்ல வீட்டைச் சுத்திக் காட்டிக்கிட்டு இருந்திருக்காரு. வாசல்ல யாரோ கூப்பிட, போனை மேஜையில சாத்தி வச்சுட்டுப் போயிட்டாரு. அந்நேரம் வீட்டுக்காரம்மா, கீழ்ப் போர்ஷன்ல குடியிருக்கற வெள்ளைக்காரக் கிழவி, ஹெலன்னு பேரு, உள்ள வந்திருக்கு. போன்ல இவ மூஞ்சியைப் பாத்ததும் கிட்ட வந்து குனிஞ்சு மெதுவா என்னவோ சொல்லிட்டு, சட்டுன்னு போயிருச்சாம். இவளுக்கு ஒண்ணும் புரியல. ஆனா அந்தச் சத்தத்தை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டு மறுநாள் வந்து நிக்கறா. வந்ததும் வராததுமா, "மிஸ், 'சப்போஸ் லீ'ன்னா என்ன மிஸ்?"

முழுசா சொல்லும்மான்னேன். பாட்டு ஒப்பிக்கற மாதிரி சொன்னா. 'ஷீ சப்போஸ் லீ ஃபெல். பீ கேர்ஃபுல், டியர்.'

அட, அது சப்போஸட்லி. இதை எப்படிப் புரியவைக்கறதுன்னு யோசிச்சேன். புஸ்தகத்துல இருக்கற விளக்கம் இதுங்களுக்கு ஏறாது. சட்டுன்னு தோணுச்சு பாரு. "மோகனா, 'விழுந்தா'ன்னு சொன்னா என்ன? விழுந்ததை நான் பாத்தேன், இல்ல எனக்கு உறுதியாத் தெரியும். 'விழுந்தாளாம்'னு சொன்னா? விழுந்ததா சொல்றாங்க, நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். அந்தக் கடைசியில வர்ற 'ஆம்' இருக்கு பாரு, அதுதான் சப்போஸட்லி."

எவ்வளவு அழகான விளக்கம்! எந்த காலேஜ் புரொஃபசர் இப்படிச் சொல்லிக்கொடுப்பான்? ஆனா அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. அப்புறம் கேக்கறா, "அப்ப அந்தம்மா நம்பலையா மிஸ்?" நான் என்னத்தைக் கண்டேன்? வார்த்தைக்கு அர்த்தம் கேட்டே, சொன்னேன்னேன். "எனக்குப் போக பயமா இருக்கு மிஸ்"னா. விசா வர்ற நேரத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்ற பயம்தான் இது, பிளேன் ஏறினா சரியாப்போயிரும்னு சொல்லித் தண்ணி குடிக்கவச்சு அனுப்பினேன். அண்ணன்கிட்ட சொல்லியிருக்கா போல. அவர் என்ன சொன்னாராம்? 'கிழவி ஏதோ உளறுனதுக்காக வந்த வாழ்க்கையைக் கெடுத்துக்காதே.' சரியாத்தானே சொல்லியிருக்காரு?

நீ ஏன்மா ஒரு மாதிரி பாக்கறே? தண்ணி வேணுமா? இந்தா.

அந்த வாரமே ராஜாமணியம்மாவை பேக்கரியில பாத்தேன். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டேன். உங்க மருமக படு கெட்டிங்க, சப்போஸட்லிக்கு அர்த்தம் கேக்கறா, வீட்டுக்காரம்மா ஹெலன் பேசுனதைக்கூட அப்படியே திருப்பிச் சொல்றான்னு பெருமையாச் சொன்னேன். ஒரு டீச்சர் வேற எப்படிப் பாராட்டுவா? அன்னைக்குச் சாயங்காலமே தயாளன் தம்பி கனடாவுலேர்ந்து எனக்குப் போன் பண்ணிட்டாரு. ரொம்பப் பணிவா, "மேடம், என்ன பாடம் போயிக்கிட்டு இருக்கு? ஹெலன் என்ன சொன்னாங்களாம்?"னு கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாரு. "அவங்களுக்கு வயசாயிருச்சு மேடம், ஞாபகம் தடுமாறுது"ன்னாரு. பாவம், அந்தக் கிழவியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல.

மறுநாள்லேர்ந்து மோகனாவைக் கிளாசுக்கு அனுப்பல. விசா வந்ததும் டிக்கெட்டைப் போட்டு அழைச்சுக்கிட்டாரு. அவ போய்ச் சேர்றதுக்குள்ள வீட்டையும் மாத்திட்டாரு தெரியுமா? ஊரை விட்டுத் தள்ளி, தனி வீடு. போட்டோ அனுப்பினாரு. அம்மாடி! சுத்தி ஒரு வீடு கிடையாது, ஒரே மரமும் பனியும். பக்கத்து வீட்டுத் தொல்லை இல்ல மேடம்னு எழுதியிருந்தாரு. நமக்கெல்லாம் அப்படி ஒரு வீடு கனவுல கிடைக்குமா?

அங்க போனதும் இவளுக்கு ஊர்ப் பேச்சுப் பேசிப் பேசி ஏக்கம் வந்துரக்கூடாதுன்னு, வேற யாருக்கும் போன் வேண்டாம், மிஸ்ஸுக்கு மட்டும் இங்கிலீஷ்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புன்னு சொல்லிட்டாரு. எனக்கு மட்டும்! அண்ணனுக்குக்கூட இல்ல. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஜெபம் முடிஞ்சு வந்து போனைப் பாத்தா, மோகனா பேசியிருப்பா. நான் இன்னும் வச்சிருக்கேன். இரு, போட்டுக் காட்டறேன். உனக்கும் ஒரு பாடமா இருக்கும், எதைச் சொல்லக்கூடாதுன்னு.

கேளு. 'டியர் மிஸ், ஐ ஆம் சப்போஸட்லி ஹேப்பி ஹியர்.' கேட்டியா? எப்படி இருக்கு பாரு. குரல் என்னவோ கலகலன்னு இருக்கு, ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கற மாதிரி. பின்னாடி டிவி ஓடற சத்தம், அவர் வீட்டுலதான் இருந்திருக்காரு. அடுத்தது கேளு. 'மை ஹஸ்பெண்ட் இஸ் அப்பாரன்ட்லி வெரி கைண்ட். ஹீ லாக்ஸ் த டோர் ஃபார் மை ஸேஃப்டி. ஐ ஸெட், இஃப் யூ ஸே ஸோ.' கதவைப் பூட்டிட்டுப் போறாராம், இவ பாதுகாப்புக்கு. காடாச்சே, கரடி கிரடி வருமில்ல? அது சரி. ஆனா சொல்ற விதத்தைப் பாரு. நான் உயிரைக் கொடுத்து நடத்துன பாடத்தை இப்படித் தலைகீழாப் போட்டுப் பேசுனா எனக்கு எப்படி இருக்கும்?

நானும் ஒரு தடவை விட்டேன், ரெண்டு தடவை விட்டேன். நாலாவது மெசேஜ்ல 'ஐ டவுட் ஐ வில் ஸீ யூ அகைன்'னு வருது. பொறுக்கமுடியல. உடனே தமிழ்ல நல்லா சத்தமா ஒரு விளக்கம் பேசி அனுப்பினேன். இதுதான், என் குரல், கேளு. 'மோகனா, சப்போஸட்லி ஹேப்பின்னா நீ சந்தோஷமா இல்லன்னு அர்த்தமாயிரும்! அப்பாரன்ட்லி கைண்ட்னா அவர் அன்பெல்லாம் வெளிவேஷம்னு ஆயிரும்! கடைசியா சொன்னியே, அதுக்கு உயிரோட திரும்புவேனான்னு தெரியலங்கற மாதிரி ஒரு அர்த்தம் வருது. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? இந்த வார்த்தையெல்லாம் இனிமே தொடாதே.' எப்படி? ரத்தினச் சுருக்கமா இருக்குல்ல? இவ போன்ல கேட்டாளோ இல்லையோன்னு, தயாளன் தம்பிக்கும் அதையே அனுப்பிவிட்டேன். கொஞ்சம் பக்கத்துல உக்காந்து திருத்துங்க தம்பி, பழைய மெசேஜையும் கேட்டுப் பாருங்கன்னு எழுதினேன். 'தேங்க்ஸ் மேடம், இனி பாத்துக்கறேன்'னு ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துருச்சு. பொறுப்பான மனுஷன்.

அடுத்த ஞாயிறு மெசேஜைக் கேளு. 'டியர் மிஸ். ஐ ஆம் ஹேப்பி. மை ஹஸ்பெண்ட் இஸ் கைண்ட். ஐ வாஸ் ராங்.' ஒரு தப்பு இருக்கா? ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நின்னு, மூச்சு விட்டு, நிதானமா. டிவி சத்தம்கூட இல்ல. நல்லாக் கேட்டா பக்கத்துல இன்னொருத்தர் மூச்சு விடறதுகூடக் கேக்குது, அவ்வளவு அமைதியான ஊர். நான் வெரி குட் போட்டு அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல, நெஞ்சுல என்னவோ கல்லை வச்ச மாதிரி. மதியம் சாப்பிட்ட மொச்சைதான், வாயு. இஞ்சி தட்டிக் குடிச்சதும் சரியாயிருச்சு.

அதுதான் கடைசி. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. திருந்திட்டா, இனிமே மிஸ் எதுக்குன்னு நினைச்சுட்டா போலன்னு எனக்குக் கோபம். பங்குனி பொறந்ததும் ராஜாமணியம்மா அழுதுக்கிட்டு வந்து நிக்கறாங்க. ஓடிப்போயிட்டாளாம். யாரோட போனா, எங்க போனான்னு ஒண்ணும் தெரியல. பாஸ்போர்ட்டைக்கூட எடுக்கலையாம், அம்புட்டு அவசரம். போட்டிருந்த பூட்ஸ் வாசல்லயே கிடந்துச்சாம், அந்தப் பனியில. என்ன திமிர் இருந்தா வெறுங்காலோட ஓடுவா? தம்பி அங்க போலீஸ்ல எழுதிக்கொடுத்து, தேடி, காத்திருந்து, கடைசியில கோர்ட்லயும் விவாகரத்து வாங்கிட்டாராம். இதுவரைக்கும் அவ ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை பேசல. பெத்த தாய் மாதிரி சொல்லிக்கொடுத்தேனே, எனக்காவது ஒரு மெசேஜ் போடலாம்ல? நன்றி கெட்ட ஜென்மம்.

தயாளன் தம்பி அப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அவ அனுப்புனதையெல்லாம் அழிச்சிருங்க மேடம். நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு"ன்னாரு. சரி தம்பின்னேன். ஆனா எப்படிம்மா அழிக்கறது? என் விளக்கம் எவ்வளவு நல்லா வந்திருக்கு! மத்த பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டணும்ல? அவ பேசுனது இருந்தாத்தானே நான் திருத்துனது விளங்கும்? அதான் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இரு, டீ வச்சிருக்கேன், பொங்கிரும். எடுத்துட்டு வர்றேன். நீ வேணும்னா இன்னொரு தடவை போட்டுக் கேளு.

இஞ்சி போட்டிருக்கேன், குடி. என்ன, என் போனும் உன் போனும் மாத்தி மாத்தி டிங் டிங்னு அடிக்குது? உனக்கு அனுப்பிக்கிட்டியா? எல்லாத்தையுமா? நல்லதுதான், வீட்டுல வச்சு நிதானமாக் கேளு. இப்படிப் படிக்கற பொண்ணுதான் எனக்குப் பிடிக்கும். இன்னொருத்தருக்கும் அனுப்புன மாதிரி இருக்கே? அக்காவுக்கா? அக்கா எங்க இருக்கா, டொரன்டோவுலயா? சொல்லவே இல்லையே! அப்ப கல்யாணத்துக்கப்புறம் உனக்கு அங்க ஒரு துணை ஆச்சு. என்ன வேலை பாக்கறா, வக்கீலா? ஓ, நர்ஸா? ம், நல்ல உத்தியோகம்.

ஏன் டீயைத் தொடலை? எல்லாம் முடிஞ்ச கதைம்மா. உன் விஷயத்துல அவர் எவ்வளவு அக்கறையா இருக்காரு தெரியுமா? நீ தெருமுனையில வரும்போதே ஜன்னல்ல பாத்துட்டேன். உடனே தம்பிக்கு ஒரு மெசேஜ் தட்டிட்டேன், உங்களுக்குப் பேசின பொண்ணு இங்க வர்றா போலயேன்னு. உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னுதான் சொல்லல. அவரும் உடனே பதில் போட்டாரு. நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க மேடம், அனுப்பிராதீங்கன்னு. அதான் இவ்வளவு நேரம் உன்னை உக்காரவச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன், இல்லன்னா எனக்கு வேற வேலை இல்லையா? அந்தா, கீழ கார்க் கதவு சாத்தற சத்தம். அவர்தான்.

ஏன்மா எந்திரிச்சே? அந்தப் பக்கம் எங்க போறே? அது மருந்துக்கடைக்குள்ள இறங்கற படி, இருட்டா இருக்கும், சாமான் அடுக்கியிருப்பான்! அனுசுயா! செருப்பு இங்க கிடக்கு பாரு! ஏம்மா...

என்ன பொண்ணோ, என்ன வெக்கமோ.

வாங்க தம்பி, வாங்க. பாத்துங்க, நிலை இடிக்கும். இல்ல தம்பி, இப்பத்தான், இந்த நிமிஷம்தான் போனா. கடைக்குள்ள இறங்கி அந்தத் தெருப்பக்கமாப் போயிட்டா, இனிமே பிடிக்கமுடியாது. உங்களைப் பாக்க வெக்கம் போல. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஃபேனைக் கூட்டி வைக்கவா? என்னென்ன கேட்டாளா? அவ எங்க கேட்டா, நான்தான் சொன்னேன். ஆமா தம்பி, மெசேஜைக் கேட்டா. கேட்டதோட விடல, அக்காவுக்கும் அனுப்பிட்டா. படு சூட்டிகை. கோபப்படாதீங்க, நான் உங்களைப் பத்தி ஒரு குறையும் சொல்லல தம்பி, சத்தியமா, எல்லாம் நல்லதுதான் சொன்னேன். கதவை ஏன் சாத்தறீங்க? காத்து வரட்டுமே.